அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் பார்க் கவுன்டி (மாவட்டம்) மலையில் காலி மனையை விற்கிறவர்களுக்கு

டென்வரில் வேலை பார்க்கிற நம் ஆட்கள் பலர் செய்கிற காரியத்தைத்தான் நானும் செய்தேன். ஒரு கோடையில் 285-ஆம் நெடுஞ்சாலையில் கெனோஷா கணவாயைத் தாண்டியதும் கீழே சவுத் பார்க் சமவெளி விரிந்து கிடந்தது, அதைப் பார்த்த மயக்கத்தில் மறு மாதமே அந்தக் கவுன்டியின் ஹார்ட்செல் ஊர்ப் பக்கம் ஐந்து ஏக்கர் வாங்கிவிட்டேன். பெரிதாக வீடு கட்டாவிட்டாலும் மரக் குடிசையாவது போடலாம் என்று எண்ணம். போட்டது கூடாரம் மட்டும், அதுவும் இரண்டே தடவை, இரண்டு தடவையும் காற்று பிடுங்கிப் போட்டது. வரி நோட்டீஸ் மட்டும் வருடம் தவறாமல் வந்தது. கொலராடோவில் சொத்து மதிப்பில் எவ்வளவு பங்குக்கு வரி என்று ஒரு விகிதம் உண்டு, வீட்டுக்கு இருப்பதைப்போலப் பல மடங்கு காலி மனைக்கு. சும்மா கிடக்கிற நிலம் சும்மா கிடக்காது, நம் பையைக் கடித்துக்கொண்டே இருக்கும்.

சரி, விற்றுவிடலாம் என்று மலைப் படம் நான்கைப் போட்டு விளம்பரம் கொடுத்தேன். விசாரித்தவர்கள் நிறைய, வாங்கினவர் ஒருவரும் இல்லை. யோசித்துப் பார்த்தால் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விகள்: கிணறு போட முடியுமா, குளிர்காலத்தில் வண்டி போகுமா, கழிவுத் தொட்டி வைக்கலாமா, எல்லை எது? ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. பதிலைத் தேடி ஒரு ஃபைலில் போட்ட பிறகுதான் விற்றது. அதனால் படம் எடுப்பதற்கு முன் ஃபைலைத் தயார் செய்யுங்கள்.

முதலில் தண்ணீர். நம் ஊரில் சொந்த நிலம் என்றால் போர் வண்டியைக் கூப்பிட்டுவிடுகிற பழக்கம். கொலராடோவில் நிலம் உங்களுடையது, அடியில் இருக்கிற தண்ணீர் அப்படியல்ல. ஆற்று நீரோடு தொடர்புள்ள நிலத்தடி நீருக்கும் ‘முதலில் எடுத்தவனுக்கு முதல் உரிமை’ என்கிற பழைய கணக்குதான். பார்க் கவுன்டியில் பெரும்பகுதி சவுத் பிளாட் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி, அதில் இருக்கிற தண்ணீரைவிட அதிகமாகவே உரிமை கொடுத்தாகிவிட்டது. அதனால் மனையின் அளவும் அது எப்போது பிரிக்கப்பட்டது என்பதும்தான் கிணற்றைத் தீர்மானிக்கும். 35 ஏக்கரும் அதற்கு மேலும் என்றால் பொதுவாக வீட்டு உபயோகத்துக்கும், ஒரு ஏக்கர் வரை தோட்டத்துக்கும், கால்நடைக்கும் சேர்த்து அனுமதி கிடைக்கும். அதற்குக் கீழே இருந்து, மனைப்பிரிவு 1972 ஜூன் 1-க்கு முன்பே ஆகியிருந்தால் வீட்டுக்குள் உபயோகிக்க மட்டும் அனுமதி. அதாவது குடிக்கலாம், குளிக்கலாம், வெளியே ஒரு தக்காளிச் செடிக்கு ஊற்றக் கூடாது, குதிரைக்கும் காட்டக் கூடாது. அதற்குப் பிறகு பிரித்த சின்ன மனை என்றால், எடுக்கிற தண்ணீருக்கு ஈடாக ஆற்றில் திருப்பி விடும் திட்டம் அந்த மனைப்பிரிவுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் வாங்குபவரே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள். மாநில நீர்வளத் துறையின் இணையதளத்தில் வரைபடத்தில் உங்கள் இடத்தைத் தேடினால் அக்கம்பக்கத்துக் கிணறுகளின் அனுமதி, ஆழம், எவ்வளவு தண்ணீர் வந்தது என்ற விவரம் வரும். அதில் நாலைந்தை அச்செடுத்து ஃபைலில் வையுங்கள். என் மனையை வாங்கினவர் அந்தத் தாள்களைத்தான் அதிக நேரம் பார்த்தார், மலையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மழைநீர் சேமிப்பு பற்றிக் கேட்பவர்களும் உண்டு. 2016-இல் வந்த சட்டப்படி வீட்டுக் கூரையிலிருந்து இரண்டு பீப்பாயில், மொத்தம் 110 கேலன் வரை பிடிக்கலாம். காலி மனையில் கூரையே இல்லை, பிறகு எங்கே பிடிப்பது! லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியில் நிரப்பிக்கொள்ளலாமா என்று கேட்டால் கவுன்டி அலுவலகத்தைக் கேட்கச் சொல்லுங்கள், நீங்களாக வாக்குக் கொடுக்காதீர்கள். கழிவுத் தொட்டி விஷயமும் அப்படித்தான். அதற்குக் கவுன்டி அனுமதி வேண்டும், மண் பரிசோதனை வேண்டும், பாறை மேலாக இருந்தால் செலவு கூடிய முறைக்குப் போக வேண்டிவரும். விலை குறைந்த மனைக்கு உங்கள் செலவில் மண் பரிசோதனை செய்யத் தேவையில்லை என்பது என் கருத்து. வாங்குபவர் ஒப்பந்தம் போட்டபின் அவர் செலவில் செய்துகொள்ள நாள் கொடுத்தால் போதும்.

சாலையில் இரண்டு கேள்வி இருக்கிறது, ஆட்கள் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். வண்டி போகிறதா என்பது ஒன்று. போக உரிமை இருக்கிறதா என்பது வேறு. பக்கத்துக்காரர் நிலத்தில் வண்டித் தடம் இருப்பதாலேயே உங்களுக்கு வழியுரிமை வந்துவிடாது. மனைப்பிரிவு வரைபடத்தில் சாலை காட்டியிருந்தால் நிம்மதி. அப்புறம் அந்தச் சாலையைப் பராமரிப்பது கவுன்டியா, குடியிருப்போர் சங்கமா, யாருமில்லையா என்று கவுன்டியின் சாலைப் பிரிவில் கேளுங்கள். இதே கவுன்டியின் ஃபேர்பிளே ஊரே கிட்டத்தட்ட 9,950 அடி உயரத்தில் இருக்கிறது, பனி அள்ளாத சாலை என்றால் பல மாதம் வெறும் நினைவுதான். ‘வருடம் முழுக்கப் போகலாம்’ என்று விளம்பரத்தில் எழுதுவதற்கு முன் ஒரு ஜனவரியில் நீங்களே போய்ப் பாருங்கள்.

எல்லைக் கல் கதை ஒன்று. வாங்க வந்த ஒரு குடும்பம் முக்கால் மணி நேரம் மனையில் நின்று ஆசை ஆசையாகப் படம் எடுத்து அனுப்பியது. படத்தைப் பார்த்தால் பின்னால் நிற்கிற மரங்கள் என்னுடையவை அல்ல, அவர்கள் நின்றது நான்கு மனை தள்ளி. என் மனையில் ஒரு மரம்கூடக் கிடையாது! அந்த வியாபாரம் அன்றோடு போயிற்று. கவுன்டியின் சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தின் இணைய வரைபடம் வழிகாட்டத்தான், அது நில அளவை ஆகாது. பழைய மனைப்பிரிவுகளில் மூலையில் இரும்புக் கம்பி அடித்திருப்பார்கள், புல்லுக்கடியில் தேடினால் கிடைக்கலாம். கிடைத்தால் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு கலர் ரிப்பன் கட்டிவிடுங்கள். கிடைக்காவிட்டால், மனையின் விலை அந்தச் செலவைத் தாங்கும் என்றால் மட்டும் உரிமம் பெற்ற சர்வேயரைக் கூப்பிடுங்கள். விளம்பரத்தில் நான்கு மூலைக்கும் ஜி.பி.எஸ். எண்களைப் போட்டு, ‘தோராயமானது’ என்று சேர்த்துவிடுங்கள்.

ஃபைலில் மீதி வைக்க வேண்டியவை: உங்கள் பத்திரம், மனை–பிளாக்–பிரிவு எண்ணோடு சட்ட விவரணை, மனைப்பிரிவு வரைபடம், சங்கம் இருந்தால் அதன் விதிகளும் நிலுவையும், கடைசி வரி ரசீது. இங்கே வரி ஒரு வருடம் பின்தங்கி வரும், இந்த வருடத்துக்கானதை அடுத்த வருடம் கட்டுவோம், ஆகவே கிரயத்தன்று உங்கள் பங்கைக் கணக்குப் பார்த்துக் கழிப்பார்கள். பாக்கி விட்டிருந்தால் உடனே கட்டுங்கள். வரி பாக்கிக்குக் கவுன்டி பொருளாளர் பற்றுரிமையை, அதாவது பாக்கிக்காக நிலத்தின் மேல் விழும் உரிமையை, ஏலம் விடுவார், எடுத்தவர் மூன்று வருடம் கழித்து விண்ணப்பித்தால் நிலமே கைவிட்டுப் போகலாம். கனிம உரிமையையும் பாருங்கள். ஃபேர்பிளே 1859 தங்க வேட்டையில் பிறந்த ஊர், இந்தப் பக்கம் மேல்மண் ஒருவருக்கும் அடியில் இருப்பது இன்னொருவருக்கும் என்று எப்போதோ பிரித்து விற்ற நிலங்கள் நிறைய. உங்களிடம் இல்லாததை விற்பதாக எழுதிவிடாதீர்கள்.

விலைக்கு வருவோம். மதிப்பீட்டு அலுவலகம் போட்ட மதிப்பும் சந்தை விலையும் ஒன்றல்ல. விளம்பரங்களில் கேட்கிற விலையையும் நம்பாதீர்கள், அதில் பாதி மூன்று வருடமாக விற்காமல் தொங்குகிறது. அதே மனைப்பிரிவில் கடந்த ஒரு வருடத்தில் எது என்ன விலைக்குக் கைமாறியது என்பதுதான் கணக்கு, அது கவுன்டி பதிவுகளில் கிடைக்கும். பத்து மைல் தள்ளி காட்டுக்குள் இருக்கிற மனையோடு சமவெளிப் புல் மனையை ஒப்பிட்டால் ஏமாற்றம்தான். மரம் இருந்தால் விலை கூடும், கூடவே காட்டுத்தீ பயமும் வரும். 2002-இல் ஹேமன் தீ தொடங்கியது இதே கவுன்டியில் லேக் ஜார்ஜ் அருகில், சுமார் 1,38,000 ஏக்கர் எரிந்தது. வீட்டுக் காப்பீடு கிடைக்குமா என்ற கேள்வியை இப்போதெல்லாம் வாங்குபவர்கள் முதல் போனிலேயே கேட்கிறார்கள்.

இடையில் ‘உங்கள் நிலத்தை ரொக்கத்துக்கு வாங்குகிறோம்’ என்று கடிதம் வரும். அடிமாட்டு விலை கேட்டு, வாங்கியதும் வேறொருவருக்குத் தள்ளிவிடுகிற வியாபாரம் அது. அவசரம் என்றால் தப்பில்லை, ஆனால் சந்தை விலை என்னவென்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். நான் தெரியாமல் ஒருமுறை போடப் பார்த்தேன், பேனாவைப் பிடுங்கி வைத்தது என் மனைவி.

புரோக்கர் வேண்டுமா? வீட்டை விட காலி நிலத்துக்குக் கமிஷன் சதவீதம் அதிகம், பத்து வரைகூடக் கேட்பார்கள், மனை சின்னது என்றால் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று சொல்வார்கள். என் முதல் புரோக்கர் நகரத்துக்காரர், மனைக்கு ஒருமுறைகூடப் போகாமல் வேறு ஏதோ ஏரிப் படத்தைப் போட்டு வைத்திருந்தார். அந்தப் பகுதியிலேயே இருந்து கிணறு, சாலை பற்றி உங்களுக்கே பாடம் எடுக்கிறவராகப் பாருங்கள். நீங்களே விற்பதானால் ஜில்லோ, லேண்ட்வாட்ச், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போதும். அதோடு பக்கத்து மனைக்காரர்களுக்கு ஆளுக்கொரு கடிதம் போடுங்கள், முகவரி கவுன்டி பதிவில் இருக்கிறது. ஐந்து ஏக்கரைப் பத்தாக்க ஆசைப்படுகிறவர் அங்கே ஒருவராவது இருப்பார். விளம்பரம் மே கடைசியில் வரட்டும், அக்டோபருக்குள் முடிக்கப் பாருங்கள். பனியில் எந்த மனையைக் காட்டினாலும் வெள்ளைத் தாளைக் காட்டுகிற மாதிரிதான்.

வாங்குபவர் உங்களைச் சந்தேகப்பட்டால் கோபப்படாதீர்கள். கடன் இல்லாத காலி மனைகளைப் பொதுப் பதிவில் தேடி, சொந்தக்காரர் மாதிரி நடித்து விற்றுவிட்டுப் போகிற மோசடி அமெரிக்கா முழுக்க நடக்கிறது. ‘நான் வெளியூரில் இருக்கிறேன், நேரில் வர முடியாது, சீக்கிரம் முடிக்கணும், விலை குறைத்துத் தருகிறேன்’ என்பதுதான் அந்தத் திருடர்கள் பேசுகிற பேச்சு. சென்னையிலிருந்து விற்கிற நேர்மையான ஆளும் இதையேதான் பேசுவார்! வீடியோ அழைப்பில் முகம் காட்டுங்கள், அடையாள அட்டையும் வரி ரசீதும், கிரயத்தை நடத்தித் தருகிற டைட்டில் கம்பெனிக்கு நீங்களாகவே அனுப்புங்கள்.

கிரயத்தை டைட்டில் கம்பெனி மூலம் முடியுங்கள், சின்னத் தொகை என்றாலும். நம் ஊரில் வில்லங்கச் சான்று எடுப்பதுபோல அவர்கள் பழைய பதிவுகளைத் தேடி, காப்பீடும் கொடுத்து, பணத்தை நடுவில் வைத்திருந்து பத்திரத்தைப் பதிவும் செய்வார்கள். பத்திரத்தில் வகை உண்டு. பொது உத்தரவாதப் பத்திரம் என்றால் உங்களுக்கு முந்தைய காலத்து வில்லங்கத்துக்கும் நீங்களே பொறுப்பு. சிறப்பு உத்தரவாதப் பத்திரம் என்றால் உங்கள் காலத்தில் வந்ததற்கு மட்டும். குவிட்கிளெய்ம் என்றால் ‘என்னிடம் என்ன உரிமை இருக்கிறதோ அதைக் கொடுத்தேன்’ அவ்வளவுதான், விவரம் தெரிந்தவர் வாங்க மாட்டார். நான் சிறப்பு உத்தரவாதம் கொடுத்தேன், இரண்டு பக்கத்துக்கும் அது நியாயம். முத்திரைத்தாள் கட்டணத்தை நினைத்துப் பயப்படாதீர்கள், இங்கே ஆவணக் கட்டணம் நூறு டாலருக்கு ஒரு சென்ட். 30,000 டாலர் மனைக்கு மூன்று டாலர், நம் பதிவு அலுவலகத்தில் பணம் கட்டியவர்களுக்குக் கண்ணீரே வரும்.

வங்கிகள் காலி மலை மனைக்கு லேசில் கடன் தராது, அதனால் தவணையில் கொடுப்பீர்களா என்று கேட்பார்கள். கொடுத்தால் வாங்குபவர் கூட்டம் பெரிதாகும். ஆனால் வாய்ப்பேச்சில் வேண்டாம், வழக்கறிஞரை வைத்துக் கடன் பத்திரமும், நிலத்தை அதற்கு ஈடாக வைக்கிற டீட் ஆஃப் டிரஸ்டும் எழுதிப் பதிவு செய்யுங்கள். கொலராடோவில் பப்ளிக் டிரஸ்டி என்று ஒரு பதவி உண்டு, தவணை நின்றால் நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுபோகிற நடவடிக்கை அவர் வழியாகப் போகும். முன்பணம் கணிசமாக வாங்குங்கள். கையில் காசு போடாதவர் இரண்டாவது பனிக்காலத்தோடு காணாமல் போவார்.

வரி விஷயத்தில் நம்மவர்கள் அதிகம் குழம்புவது ஃபிர்ப்டா, அதாவது அயலவர் அமெரிக்கச் சொத்தை விற்றால் வரி பிடிக்கச் சொல்லும் சட்டம். குடியுரிமை இல்லை, ஹெச்-1பி தான் என்பதாலேயே அது உங்கள் மேல் விழாது. இங்கே வாழ்ந்து வரிக்கணக்கில் குடியிருப்பவராக இருந்தால், ‘நான் அயலவர் அல்ல’ என்று ஒரு உறுதிமொழி கொடுத்தால் முடிந்தது. ஊருக்கே திரும்பிவிட்டவர்தான் மாட்டுவார். வாங்குபவர் விற்பனைத் தொகையில் 15 சதவீதத்தைப் பிடித்து அமெரிக்க வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.-க்குக் கட்டணும், 60,000 டாலர் என்றால் 9,000. லாபத்தில் அல்ல, மொத்தத் தொகையில். உண்மையான வரி குறைவு என்றால் பிடித்தத்தைக் குறைக்கக் கிரயத்துக்கு முன்பே 8288-பி படிவம் போடலாம், இல்லாவிட்டால் மறு வருடம் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கணும். இது போதாதென்று, வெளி மாநிலத்துக்காரர் 1,00,000 டாலருக்கு மேல் விற்றால் கொலராடோ தன் பங்குக்கு 2 சதவீதம் வரை பிடிக்கும். ஊரில் இருப்பவர்கள் ஆர்.என்.ஓ.ஆர். அந்தஸ்து (திரும்பி வந்த புதிதில் இந்திய வரிச் சட்டம் தருகிற இடைக்கால நிலை) இருக்கும்போதே விற்றால் இந்தியாவில் என்ன மிச்சமாகும் என்று ஆடிட்டரைக் கேட்டுவிட்டு நாள் குறியுங்கள். பத்திரத்தில் கையெழுத்துக்கு விமான டிக்கெட் தேவையில்லை, சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நோட்டரி சேவை இருக்கிறது, ஒரு முத்திரைக்கு 50 டாலர். நேரம் முன்பதிவு செய்ய வேண்டும்.

நஷ்டத்தில் விற்றாலும் காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். முதலீடாக வைத்திருந்த நிலம் என்றால் அந்த நஷ்டத்தை மற்ற மூலதன லாபத்தில் கழிக்கலாம், அதற்கு மேல் மிஞ்சினால் வருடத்துக்கு 3,000 டாலர் வரை மற்ற வருமானத்திலும் கழிக்கலாம். பதிவான பத்திரத்தின் நகலைக் கவுன்டி இணையதளத்தில் இறக்கி வையுங்கள். அடுத்த ஜனவரியில் வரி நோட்டீஸ் உங்கள் பெயருக்கே வந்தால், எனக்கு வந்தது, அந்த நகலைப் பொருளாளர் அலுவலகத்துக்கு அனுப்பினால் மாற்றிவிடுவார்கள்.