எம்.பி.ஏ. முதல் வருடத்தை ஒரே ஒரு பனியன் ஆர்டரை வைத்துப் படிப்பது எப்படி

டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.பி.ஏ. சேர்ந்து என் வகுப்பில் வந்து உட்காருகிறவர்களில் இன்ஜினியரிங் முடித்தவர்கள் உண்டு, பி.காம். உண்டு, தமிழ் இலக்கியம் படித்தவர்களும் உண்டு. முதல் செமஸ்டர் பாடப் பட்டியலைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரே மலைப்புதான். அக்கவுண்டிங், பொருளாதாரம், புள்ளியியல், நிறுவன நடத்தை, சட்டம் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத மாதிரி இருக்கும். தனித்தனியாக மனப்பாடம் செய்தால் கடைசி வரை ஒட்டாமலேதான் இருக்கும்.

நான் சொல்லும் வழி இது. உங்களுக்குத் தெரிந்த ஒரு தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் மளிகைக் கடை, மாமாவின் லேத் பட்டறை, எதுவானாலும் சரி. இரண்டு வருடமும் அதை விடாதீர்கள். வாரா வாரம் வகுப்பில் நடத்துவதை அந்தத் தொழிலிடம் கொண்டுபோய்க் கேளுங்கள். நான் திருப்பூரில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் பிடித்ததிலிருந்து சரக்கு அனுப்பும் வரை கவனிக்கும் ஆளாக, வேலை பார்த்துவிட்டுக் கற்பிக்க வந்தவள். அதனால் என் உதாரணம் 10,000 டி-ஷர்ட் ஆர்டர்.

முதலில் கணக்கு

கணக்கில்தான் தொடங்க வேண்டும். மார்க்கெட்டிங் சுவாரஸ்யமாக இருக்கிறதே என்று அதில் ஆரம்பிக்காதீர்கள். கணக்கு தெரியாமல் படிக்கும் மார்க்கெட்டிங் வெறும் பேச்சாகத்தான் நிற்கும்.

ஒரு டி-ஷர்ட் 200 ரூபாய் என்று வைப்போம். 10,000 பீஸுக்கு 20 லட்சம். நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் சேர்த்துச் செலவு 18 லட்சம். லாபம் 2 லட்சம். இதுவரை எல்லோருக்கும் புரியும்.

இப்போது ஒரு தாளில் கோடு போட்டு நாட்களைக் குறியுங்கள். இன்று நூல் வருகிறது. மில்லுக்கு 30 நாளில் பணம் தர வேண்டும். தையல்காரர்களுக்குச் சனிக்கிழமை தோறும் கூலி. சரக்கு முடிந்து கப்பல் ஏற 60 நாள். அதன் பிறகு பையர், அதாவது ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனி, பணம் அனுப்ப இன்னும் 60 நாள். ஆக, உள்ளே பணம் வருவது 120-ஆம் நாள். நூலுக்கு மட்டுமே 90 நாள் இடைவெளி. அந்த 18 லட்சத்தையும் சராசரியாக மூன்று மாதத்துக்கு 12 சதவீத வட்டியில் வாங்கியிருந்தால் வட்டி 54,000 ரூபாய். உங்கள் 2 லட்சம் 1,46,000 ஆகிவிட்டது. பையர் இன்னும் இரண்டு மாதம் இழுத்தடித்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

நடைமுறை மூலதனம் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். லாபம் ஈட்டிக்கொண்டே ஒரு கம்பெனி பணமில்லாமல் மூடிப்போக முடியும். ஏற்றுமதியாளர்களுக்கு வங்கிகள் பேக்கிங் கிரெடிட் (சரக்கு கப்பல் ஏறும் முன் தரும் கடன்) தருவதும் இந்த இடைவெளிக்காகத்தான். இந்தக் கோட்டை ஒருமுறை சொந்தக் கையால் போட்டவருக்கு இருப்புநிலைக் குறிப்பில் கடனாளிகள், சரக்கிருப்பு, கடனீந்தோர் என்ற மூன்று வரியும் அந்தத் தொழிலின் மூச்சாகவே தெரியும்.

அப்புறம், பங்குச்சந்தையில் உள்ள ஏதாவது ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள். காசு கொடுக்க வேண்டியதில்லை. ஓசூர் டைட்டன் ஆகட்டும், டி.வி.எஸ். மோட்டார் ஆகட்டும். தலைவர் உரையை விட்டுவிட்டு நேராகப் பணப்புழக்க அறிக்கைக்குப் போங்கள். பிறகு லாப நட்டம், கடைசியாகக் குறிப்புகள். குறிப்புகளில்தான் விஷயம் இருக்கும்.

புள்ளியியலுக்குப் பயப்பட வேண்டாம்

பல பேர் இங்கேதான் கைவிடுகிறார்கள். சூத்திரத்தை மூடி வைத்துவிட்டு ஃபைனல் இன்ஸ்பெக்ஷனைப் பாருங்கள். 10,000 பீஸ் பெட்டியில் தயாராக இருக்கிறது. பையர் அனுப்பிய ஆள் எல்லாவற்றையும் பிரிப்பதில்லை. வழக்கமான ஆய்வு நிலையில், ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க குறை அளவு) 2.5 சதவீதம் என்றால், அங்கங்கே உருவி 200 பீஸ் எடுப்பார். 10 வரை பெரிய குறை இருந்தால் பாஸ். 11 ஆனால் மொத்தச் சரக்கும் ஃபெயில்.

200 பீஸ் எப்படி 10,000-க்குச் சாட்சி சொல்லும்? நல்ல சரக்கு தவறுதலாக ஃபெயில் ஆகும் வாய்ப்பு எவ்வளவு, மோசமான சரக்கு நழுவிப்போகும் வாய்ப்பு எவ்வளவு? இந்த இரண்டு கேள்வியையும் பிடித்துக்கொண்டால் மாதிரியெடுத்தல், நிகழ்தகவு, கருதுகோள் சோதனை மூன்று அத்தியாயமும் ஒரே கதையாகப் படிக்கும்.

பொருளாதாரமும் நிதியும்

விலை 2.50 டாலர் என்று பேசி முடித்தீர்கள். அன்று டாலர் 80 ரூபாய். பணம் வரும் நாளில் 78. பீஸுக்கு 5 ரூபாய் போச்சு, மொத்தம் 50,000. யாரும் தப்புச் செய்யவில்லை. இந்த உதாரணத்தைச் சொன்ன பிறகுதான் ஃபார்வர்டு கான்ட்ராக்ட் (பின்னால் வரும் டாலருக்கு இன்றே விலை பேசி வைக்கும் ஒப்பந்தம்) எதற்கு என்று வகுப்பில் கேள்வி வரும். நிதி மேலாண்மையின் இன்னொரு அடிப்படை, காலத்துக்கு விலை உண்டு என்பது. 10 சதவீதத்தில், இரண்டு வருடம் கழித்து வரும் 1,21,000 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு ஒரு லட்சம்தான். புது மெஷின் வாங்கலாமா என்ற கணக்கு முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

சட்டத்தைப் பற்றி ஒரு வரி: 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தைப் படிக்கும்போது ஒரு பர்ச்சேஸ் ஆர்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

மார்க்கெட்டிங், மனிதவளம்

பொருள், விலை, இடம், விளம்பரம் என்ற நான்கையும் ஒப்பிப்பதில் பயனில்லை. 1983-ல் சி.கே. ரங்கநாதன் தொடங்கிய சிக் ஷாம்புவைப் பாருங்கள். எந்தக் கம்பெனியின் காலி ஷாம்பு பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொடுத்தால் ஒரு சிக் இலவசம் என்றார்கள். ஆட்கள் பழகியதும், சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றினார்கள். முதல் கட்டத்தில் யாருக்கு லாபம், எப்போது மாற்றினால் சரி, கடைக்காரர் ஏன் ஒத்துழைத்திருப்பார் என்று எழுதிப் பாருங்கள். அதுவே ஒரு பாடம்.

மனிதவளத்தைச் சுலபமான பாடம் என்று நினைப்பது எனக்குப் பிடிக்காது. தீபாவளி போனஸ் வாங்கி ஊருக்குப் போன தையல்காரர்களில் யார் திரும்பி வருவார்கள் என்பதில்தான் அடுத்த ஷிப்மென்ட் இருக்கிறது. ஊக்குவிப்புக் கோட்பாடுகளைப் படிக்கும்போது அந்த ஆளை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேஸ் படிக்கும் முறை

கேஸ் ஸ்டடிக்கு, அதாவது ஒரு நிறுவனத்தின் உண்மைக் கதையை வைத்து அலசும் பயிற்சிக்கு, நான் முதலில் கொடுப்பது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 1993-ல் அதைப் பற்றிக் கேஸ் வெளியிட்டது.

முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதீர்கள். கதையாகப் படியுங்கள். இரண்டாவது வாசிப்பில், முடிவெடுக்க வேண்டியவர் யார், அவர் கையில் என்ன இருக்கிறது, எது குறைவு என்று மட்டும் குறியுங்கள். அரவிந்தில் குறைவானது அறுவை சிகிச்சை நிபுணரின் நேரம். ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அவர் அறுவை சிகிச்சை செய்யும்போதே அடுத்த நோயாளியை நர்சுகள் மற்றதில் தயார் செய்துவிடுவார்கள். முடித்ததும் அவர் திரும்பினால் போதும். மற்ற வேலையெல்லாம் அவரது நேரம் வீணாகாதபடி அமைந்திருக்கிறது. கட்டணம் தருகிறவர்களின் பணத்தில் இலவச சிகிச்சை நடப்பதும் இதனால் சாத்தியமாகிறது. ஆப்பரேஷன்ஸ் பாடத்தில் இடையூறுப் புள்ளி (மொத்த வேலையின் வேகத்தையும் கட்டுப்படுத்தும் இடம்) என்று வருவது அந்த நிபுணரின் நேரம்தான். மூன்றாவது வாசிப்பில் எண்களைப் போடுங்கள். எண் இல்லாமல் வகுப்பில் கருத்துச் சொல்லாதீர்கள்.

இன்டர்ன்ஷிப்புக்குப் போகும்போது

முதல் வருடம் முடிந்ததும் வரும் இன்டர்ன்ஷிப்பை, வாடிக்கையாளர் திருப்தி பற்றிய கேள்வித்தாள் ஒன்றை நிரப்பி முடித்துவிடாதீர்கள். போன முதல் வாரம் ஆபீஸில் உட்காராமல் ஸ்டோர்ஸிலும் கேட்டிலும் நில்லுங்கள். எது உள்ளே வருகிறது, எது எத்தனை நாள் கிடக்கிறது என்று பாருங்கள். பிறகு மேனேஜரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: ஸ்டாக் ரிஜிஸ்டர், வரவேண்டிய பாக்கிகளை 30, 60, 90 நாள் என்று பிரித்த பட்டியல். தயங்கினால், போன வருடத்துக் கணக்கு போதும், பார்ட்டி பெயர்களை மறைத்துக் கொடுங்கள் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.