உப்புத்தாளைத் தொடாதீர்கள்: பழைய ராணுவ உறைக்கத்தியை அடையாளம் காண்பது

மூர் மார்க்கெட் வளாகத்திலோ பழைய இரும்புக் கடையிலோ உறையோடு ஒரு ராணுவக் கத்தி கிடைத்தால் உடனே தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். அம்பத்தூரில் டூல் ரூம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் கத்தி எங்கே, எப்போது பிறந்தது என்பதற்கான சான்றெல்லாம் மேல்தோலில்தான் இருக்கிறது. உப்புத்தாள் முதலில் தின்பது அதைத்தான்.

கூர் தொடங்கும் முன், பிடியை ஒட்டித் தட்டையாக ஒரு பகுதி இருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, லென்ஸ் வைத்து அங்கே பாருங்கள். எஃகைக் கடினப்படுத்தும் முன் அச்சால் அடித்த முத்திரை என்றால், எழுத்தின் ஓரத்தில் உலோகம் லேசாகப் பிதுங்கியிருக்கும். அமிலத்தாலோ லேசராலோ பிற்காலத்தில் பொறித்த எழுத்துக்கு அந்தப் பிதுக்கம் கிடையாது. ஆழமும் ஒரே சீராக இருக்கும்.

வேட்டைக் கத்தி என்று சொல்லி விற்கப்படுவது பல நேரம் துப்பாக்கி முனையில் மாட்டும் பயோனெட்டாக இருக்கும். பிடியின் அடியில் துப்பாக்கியோடு பொருந்தும் காடியும் அழுத்துப் பொத்தானும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். பிரிட்டிஷ் 1907 மாதிரிக்கு அலகு, அதாவது கத்தியின் வெட்டும் தகடு, 17 அங்குலம். அதில் கிரீடம், மாதமும் ஆண்டும், அரசு உடைமையைக் குறிக்கும் அம்பு, வளைத்துச் சோதித்ததற்கான பெருக்கல் குறி எல்லாம் இருக்கும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் அதை 12 அங்குலமாகக் குறைத்தார்கள். அலகின் நீளவாட்டுப் பள்ளம் முனைவரை ஓடி நின்றால், நீளமானதை வெட்டிக் குட்டையாக்கியது. பள்ளமே இல்லையென்றால் குட்டையாகவே செய்தது. ‘ஆர்.எஃப்.ஐ.’ என்பது வங்காளத்து இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை. அம்போடு ‘ஐ’ எழுத்தும் இருந்தால் இந்திய அரசின் உடைமை. நம் ஊரில் கைக்கு வருபவற்றில் எனக்கு மிகப் பிடித்தவை இவைதான்.

அமெரிக்கக் கடற்படையின் மார்க் 2 கத்திக்கு 7 அங்குல அலகு, தோல் வளையங்களை அடுக்கி இறுக்கிய பிடி. ‘யு.எஸ்.எம்.சி.’ (மரைன் படை) அல்லது ‘யு.எஸ்.என்.’ (கடற்படை) முத்திரையோடு காபார், கமிலஸ், ராப்சன் போன்ற தயாரிப்பாளர் பெயரையும் தேடுங்கள். ஆரம்பகாலக் கத்திகளில் பிடியின் அடிக்குமிழைத் திருகு நட்டு போட்டு முடுக்கியிருக்கிறார்கள். பின்னர் குறுக்கே ஓர் ஆணி (பின்) அடித்தார்கள், அல்லது பிடிக்குள் ஓடும் எஃகு வாலின் முனையைத் தட்டி மழுக்கினார்கள். அமெரிக்கக் கத்தியில் பதின்மூன்று இலக்க நேட்டோ இருப்பு எண் இருந்தால் அது 1974-க்கு முந்தைய கத்தி ஆகாது. ‘மேற்கு ஜெர்மனி’ என்றிருந்தால் 1949-க்குப் பிந்தையது.

உறையைத் தனியாகச் சோதியுங்கள். கை மாறும்போது உறையும் மாறிவிடும். பல ஆண்டுகள் சேர்ந்தே இருந்த ஜோடி என்றால், பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள தடுப்பு அழுத்திய தடம் உறையின் வாயில் தெரியும்.

பணம் கொடுக்கும் முன் ஒன்று: பயோனெட்டும், 9 அங்குலத்துக்கு மேல் அலகுள்ள ஆயுதக் கத்தியும் ஆயுதச் சட்ட வரையறைக்குள் வருகின்றன. காவல் நிலையத்தில் கேட்டுத் தெளிவுபெற்ற பிறகு வாங்குங்கள்.

வீட்டில் கத்தியை உறைக்குள் வைக்காதீர்கள். சென்னைக் கடல்காற்றின் ஈரத்தைத் தோல் உறிஞ்சி எஃகுக்குக் கொடுத்துவிடும். அலகில் தையல் மெஷின் எண்ணெயை மெல்லியதாகத் தடவி, உறையைப் பக்கத்தில் தனியாக வையுங்கள்.