ஓபன்ஸ்டாக்கில் பயனர், புராஜெக்ட், ரோல்: கணக்கைத் திறப்பது முதல் மூடுவது வரை

ஓபன்ஸ்டாக் மேகக்கணிமைத் தளத்தை நிர்வகிக்கத் தொடங்குபவரிடம் முதல் நாட்களில் வந்து சேரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். புதிய பயனருக்குக் கணக்குத் திறந்தாயிற்று, கடவுச்சொல்லும் கொடுத்தாயிற்று; ஆனால் ஹொரைசன் என்னும் இணையப் பலகத்தில் அவர் நுழைய முயன்றால், எந்தப் புராஜெக்டுக்கும் அனுமதி இல்லை என்ற செய்தியோடு வாசலிலேயே நிறுத்தப்படுகிறார். கடவுச்சொல்லில் பிழை இல்லை, கணக்கும் முடக்கப்படவில்லை. அவர் யார் என்பதைக் கீஸ்டோன் உறுதி செய்துவிட்டது. அவர் எங்கே, என்ன செய்யலாம் என்பதைத்தான் யாரும் அதற்குச் சொல்லவில்லை.

கீஸ்டோன் என்பது ஓபன்ஸ்டாக்கின் அடையாளச் சேவை. அதில் பயனர் என்பது ஒரு மனிதரையோ ஒரு நிரலையோ குறிக்கும் பதிவு. புராஜெக்ட் என்பது மெய்நிகர் கணினிகள், வால்யூம்கள் எனப்படும் மெய்நிகர் வட்டுகள், வலையமைப்புகள் ஆகியவற்றின் உரிமையைத் தாங்கி நிற்கும் அலகு. பழைய ஆவணங்களில் டெனன்ட் என்று காணப்படுவதும் இதுவே. ரோல் என்பதோ கீஸ்டோனைப் பொறுத்தவரை வெறும் பெயர். அந்தப் பெயருக்கு என்ன அதிகாரம் என்பதை நோவா (மெய்நிகர் கணினிகள்), சிண்டர் (வால்யூம்கள்), நியூட்ரான் (வலையமைப்புகள்) முதலிய சேவைகள் தத்தம் கொள்கை விதிகளில் தீர்மானிக்கின்றன. இம்மூன்றில் எதற்கும் தனித்து நின்று அதிகாரம் கிடையாது. இன்னாருக்கு, இந்தப் புராஜெக்டில், இந்த ரோல் என்று மூன்றையும் சேர்த்துக் கட்டும் ஒதுக்கீடுதான் அதிகாரத்தைத் தருகிறது. ஒரே பயனர் ஒரு புராஜெக்டில் வளங்களை உருவாக்கி அழிக்கும் மெம்பராகவும் இன்னொன்றில் பார்வையிடுவதற்கான ரீடராகவும் இருப்பது இதனால்தான் இயல்பாக அமைகிறது.

பயனரைக் கடைசியில் உருவாக்குங்கள்

அவசரத்தில் பலரும் பயனர் கணக்கிலிருந்து தொடங்குகிறார்கள். நான் வலியுறுத்துவது இதன் தலைகீழ் வரிசை: முதலில் டொமைன் (பயனர்களையும் புராஜெக்டுகளையும் உள்ளடக்கும் மேல் அலகு), பிறகு புராஜெக்ட், அதற்கான கோட்டா (வள வரம்பு), பிறகு குழு, குழுவுக்கான ரோல் ஒதுக்கீடு, எல்லாம் முடிந்தபின் பயனர். இந்த வரிசையில் சென்றால் பயனரைக் குழுவில் சேர்ப்பது ஒன்றே கடைசி வேலையாக மிஞ்சும். அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அவர் வருமுன்பே தீர்மானமாகியிருக்கும்.

டொமைனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரே நிறுவனம் மட்டும் பயன்படுத்தும் சிறிய தளத்துக்கு டிஃபால்ட் டொமைனே போதும். பயனர் பெயரும் புராஜெக்ட் பெயரும் ஒரு டொமைனுக்குள் மட்டுமே தனித்துவமானவை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். இரண்டு டொமைன்களில் ஒரே பெயரில் இரு பயனர்கள் இருக்கலாம் என்பதால், கட்டளை எழுதும்போது டொமைனையும் சேர்த்துக் குறிப்பிடும் பழக்கம் நல்லது.

புராஜெக்டை எந்த அளவில் பிரிப்பது என்பது சிந்திக்க வேண்டிய இடம். துறைக்கு ஒரு புராஜெக்ட் என்று வைத்துவிட்டால், சோதனைக்காக எழுப்பிய கணினியும் பொதுமக்கள் பயன்படுத்தும் கணினியும் ஒரே கூரையின் கீழ் வந்துவிடும்; சோதனை செய்பவர் மெம்பராக இருக்கும்போது மற்றதையும் அழிக்கும் உரிமை அவருக்குக் கிடைத்துவிடும், ஏனெனில் மெம்பர் ரோல் ஒரு புராஜெக்டுக்குள் இருக்கும் எல்லாக் கணினிகளையும் ஒரே கண்ணோடுதான் பார்க்கிறது. ஆகவே ஒன்றாக வாழ்ந்து ஒன்றாக அழியக்கூடிய வளங்களுக்கு ஒரு புராஜெக்ட் என்பதே என் அளவுகோல். உருவாக்கும்போது விவரிப்புப் பகுதியில் பொறுப்பாளர் யார், எப்போது மறுபரிசீலனை என்பதை எழுதிவையுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த ஒரு வரிதான் உதவும்.

கோட்டாவை அப்படியே விட்டுவிடாதீர்கள். நோவா இயல்பாக ஒரு புராஜெக்டுக்கு 10 கணினிகள், 20 கோர்கள், 51,200 மெகாபைட் நினைவகம் என்று வரம்பு வைக்கிறது. சிண்டர் 10 வால்யூம்களும் மொத்தம் 1,000 கிகாபைட்டும் தருகிறது. சிறு சோதனைக்கு இது அதிகம், பெரிய செயலிக்கு இது போதாது. எதிர்பார்க்கும் தேவையைக் கேட்டு அறிந்து, முதல் நாளே எண்களை மாற்றிவிடுவது இரு தரப்புக்கும் நிம்மதி.

அடுத்து குழு. ‘ஓபன்ஸ்டாக் குரூப் கிரியேட்’ கட்டளையால் குழுவை உருவாக்கி, ‘ஓபன்ஸ்டாக் ரோல் ஆட்’ கட்டளையில் குழுவின் பெயரையும் புராஜெக்டின் பெயரையும் ரோலையும் தர வேண்டும். ஹொரைசனில் இதே வேலையை ஐடென்டிட்டி பிரிவின் புராஜெக்ட்ஸ் பக்கத்தில், அந்தப் புராஜெக்டின் குழுக்களைத் திருத்தும் பகுதியில் செய்யலாம். தனிநபருக்கு நேரடியாக ரோல் தருவதை விதிவிலக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அணி மாறும்போது குழுவிலிருந்து எடுத்தால் அந்தக் குழுவின் வழி வந்த அனுமதிகள் அனைத்தும் ஒன்றாக விலகும். நேரடியாகத் தந்த ஒதுக்கீடுகளையோ ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டும்.

பயனரை உருவாக்கும் கட்டத்தில் தொடக்கத்தில் சொன்ன புகாரின் வேர் இருக்கிறது. கட்டளை வரியில் ‘ஓபன்ஸ்டாக் யூசர் கிரியேட்’ எழுதும்போது புராஜெக்ட் என்னும் விருப்பத்தைச் சேர்த்தால், அது அந்தப் பயனரின் இயல்புப் புராஜெக்டைக் குறித்துவைக்கிறதே தவிர, அதில் அவருக்கு எந்த ரோலையும் தருவதில்லை. ஹொரைசனின் படிவத்திலோ புராஜெக்டையும் ரோலையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம் என்பதால், அங்கே பழகியவர்கள் கட்டளை வரிக்கு வந்ததும் ஏமாந்துபோகிறார்கள். கடவுச்சொல்லைக் கட்டளையோடு சேர்த்துத் தட்டச்சு செய்தால் அது ஷெல் எனப்படும் கட்டளைச் சாளரத்தின் வரலாற்றில் பதிந்துவிடும். கேட்டு வாங்கும் விருப்பத்தையே பயன்படுத்துங்கள். முதல் நுழைவிலேயே கடவுச்சொல்லை மாற்ற வைக்கவும், தவறான முயற்சிகளுக்குப் பின் கணக்கைப் பூட்டவும் கீஸ்டோனில் வசதிகள் உண்டு. ஆனால் இவை இயல்பாக இயங்குவதில்லை, நிர்வாகிதான் அமைக்க வேண்டும். கீஸ்டோனின் சொந்தத் தரவுத்தளத்தில் உள்ள கணக்குகளுக்கு மட்டுமே பொருந்தும், எல்டாப் என்னும் வெளி அடைவுச் சேவை வழி வருபவர்களுக்குப் பொருந்தாது.

அட்மின் ரோலைத் தருமுன்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். ‘என் புராஜெக்டுக்கு மட்டும் அட்மின் ரோல் கொடுங்கள்’ என்று ஓர் அணித்தலைவர் கேட்பது நியாயமான கோரிக்கையாகவே தோன்றும். ஆனால் ஓபன்ஸ்டாக்கில் வரலாற்று வழியாக, ஏதேனும் ஒரு புராஜெக்டில் அட்மின் ரோல் பெற்றவர் தளம் முழுவதற்கும் அட்மின் ஆகிவிடுகிறார்; கொள்கை விதிகள் ரோலின் பெயரைப் பார்த்தனவே அன்றி அது எந்தப் புராஜெக்டில் கிடைத்தது என்று பார்க்கவில்லை. 2012-இலேயே பிழையாகப் பதிவான இதைச் சரிசெய்யும் பணி பல வெளியீடுகளாக நீண்டது. உங்கள் தளத்தில் மாற்றிச் சோதித்து உறுதி செய்யாத வரை, அட்மின் என்றால் அனைத்துக்கும் அட்மின் என்றே கொள்ளுங்கள்.

அணித்தலைவருக்கு உண்மையில் வேண்டியது மெம்பர் ரோலாகவே இருக்கும். கணினிகளை எழுப்புவது, அழிப்பது, வால்யூம் இணைப்பது எல்லாம் அதனால் முடியும். புதிய வெளியீடுகளில் மெம்பருக்கும் அட்மினுக்கும் இடையே மேனேஜர் என்ற ரோலும் வந்திருக்கிறது. அட்மின் மெம்பரை உள்ளடக்கும், மெம்பர் ரீடரை உள்ளடக்கும் என்பதால், மெம்பர் தந்தவருக்கு ரீடரைத் தனியே தரத் தேவையில்லை.

ரீடர் ரோலிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பெயரைப் பார்த்தால் படிக்க மட்டுமே அனுமதி என்று தோன்றும்; ஆனால் பழைய கொள்கை விதிகளோடு இயங்கும் சேவைகள், புராஜெக்டில் ஏதோ ஒரு ரோல் இருந்தாலே எழுதவும் அழிக்கவும் விட்டுவிடுகின்றன. ஆகவே தணிக்கையாளருக்கு ரீடர் தருமுன், சோதனைப் பயனர் ஒருவரை உருவாக்கி, ரீடர் ரோல் மட்டும் தந்து, அவராக நுழைந்து ஒரு கணினியை எழுப்பவும் ஒரு வால்யூமை அழிக்கவும் முயன்று பாருங்கள். மறுக்கப்பட்டால் மட்டுமே அந்தப் பெயரை நம்பலாம்.

டொமைன் அளவில் தரும் ரோல் அதனுள் இருக்கும் புராஜெக்டுகளுக்குத் தானாகச் செல்லாது. செல்ல வேண்டுமானால் ஒதுக்கும்போதே மரபுரிமை விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்த ஒதுக்கீடு புராஜெக்டுகளில் செல்லுபடியாகும், டொமைனிலேயே செல்லுபடியாகாது. இரண்டிலும் வேண்டுமென்றால் இரண்டு ஒதுக்கீடுகள் தேவை.

நிரல்களுக்குத் தனி வழி

தானியங்கி நிரலுக்குள் மனிதரின் கடவுச்சொல்லை எழுதிவைப்பது இன்னும் பரவலாக நடக்கிறது. அதற்கு மாற்றாக அப்ளிகேஷன் கிரெடென்ஷியல் என்னும் வசதி உள்ளது. பயனரே தனக்கென உருவாக்கிக்கொள்ளும் இது ஒரு புராஜெக்டோடு மட்டும் கட்டப்பட்டது. அவருக்குள்ள ரோல்களில் சிலவற்றை மட்டும் தரலாம், காலாவதி நாளும் வைக்கலாம். அதன் இரகசியம் உருவாக்கும் கணத்தில் ஒருமுறை மட்டுமே காட்டப்படும். பயனர் தன் கடவுச்சொல்லை மாற்றினாலும் இது தொடர்ந்து இயங்கும். வசதியாக வடிவமைக்கப்பட்ட இந்தப் பண்பு, கணக்கு களவுபோன வேளையில் ஆபத்தாக மாறுகிறது: கடவுச்சொல்லை மாற்றியதோடு நின்றுவிட்டால், களவாடியவர் இடையில் உருவாக்கிவைத்த கிரெடென்ஷியல் அப்படியே உயிரோடு இருக்கும். அவற்றையும் பட்டியலிட்டு நீக்கியே ஆக வேண்டும்.

ஒருவர் விலகும்போது

விலகுபவரின் கணக்கை உடனே அழிக்காதீர்கள், முதலில் முடக்குங்கள். ‘ஓபன்ஸ்டாக் யூசர் செட்’ கட்டளையில் டிசேபிள் விருப்பத்தால் இது முடியும். உள்நுழைந்தவருக்குக் கீஸ்டோன் தரும் தற்காலிக அனுமதிச் சீட்டான டோக்கனின் இயல்பான ஆயுள் 3,600 வினாடிகள் என்றாலும், முடக்கியதும் கீஸ்டோன் அவருடைய டோக்கன்களை ஏற்க மறுத்துவிடும். மற்றச் சேவைகள் சரிபார்த்த முடிவைத் தற்காலிகமாக நினைவில் வைப்பதால், இயல்பமைப்பில் 300 வினாடிகள் வரை தாமதம் ஏற்படலாம்.

பின்னர் அவரிடம் என்னென்ன அனுமதிகள் இருந்தன என்று பாருங்கள். ‘ஓபன்ஸ்டாக் ரோல் அசைன்மென்ட் லிஸ்ட்’ கட்டளையைப் பயனர் பெயரோடு மட்டும் இயக்கினால் நேரடி ஒதுக்கீடுகள் மட்டுமே தெரியும். குழு வழியாக வந்தவை தெரியாது. எஃபெக்டிவ் என்னும் விருப்பத்தையும் சேர்த்தால்தான் முழுப் படமும் கிடைக்கும். பட்டியல் காலியாக இருக்கிறது என்று நம்பி நிம்மதியடைந்தவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தவறியிருக்கிறார்கள்.

அவர் எழுப்பிய கணினிகள் புராஜெக்டின் உடைமை, ஆகவே அவர் போனாலும் நிற்கும். ஆனால் கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவிப் பதிவு நோவாவில் பயனருக்கே உரியது. அதைவிட முக்கியம், கணினிகளுக்குள் ஏற்கெனவே பதிந்துவிட்ட அவருடைய பொதுச் சாவி கீஸ்டோனில் என்ன செய்தாலும் நீங்காது. ஒவ்வொரு கணினியிலும் நுழைந்துதான் எடுக்க வேண்டும். அவருடைய அப்ளிகேஷன் கிரெடென்ஷியலை நம்பி ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் கணக்கை முடக்கியதுமே நின்றுவிடும். அழிப்பதற்குமுன் சில வாரங்கள் முடக்கத்தில் வைத்திருந்தால், எவை நின்றன என்பது புகார்களாக வந்து சேரும், அவற்றைச் சேவைக் கணக்கு ஒன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

புராஜெக்டை நீக்கும் முறை

கீஸ்டோனில் புராஜெக்டை அழித்தால் அதன் பதிவும் ரோல் ஒதுக்கீடுகளும் போகும். நோவாவிலும் சிண்டரிலும் இருக்கும் வளங்கள் போகா. உரிமையாளர் இல்லாத கணினிகள் கோர்களையும் நினைவகத்தையும் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும், எந்தப் புராஜெக்டின் பட்டியலிலும் தென்படாது. ஆகவே முதலில் புராஜெக்டை முடக்காமல், அதன் ரோல்களை மட்டும் பயனர் குழுக்களிடமிருந்து எடுத்துவிடுங்கள். நிர்வாகியாக உள்ளே நுழைந்து கணினிகள், ஸ்னாப்ஷாட்டுகள் (ஒரு கணத்தின் நகல்கள்), வால்யூம்கள், ஃப்ளோட்டிங் ஐபி முகவரிகள் (வெளியிலிருந்து அணுகத் தரும் முகவரிகள்), ரூட்டர்கள், வலையமைப்புகள் என்ற வரிசையில் நீக்குங்கள். ரூட்டரின் இணைப்புகளைக் கழற்றாமல் வலையமைப்பை அழிக்க நியூட்ரான் விடாது. ‘ஓபன்ஸ்டாக் புராஜெக்ட் கிளீனப்’ கட்டளை இவ்வேலையில் பெரும்பகுதியைச் செய்யும். முதலில், எதையும் அழிக்காமல் பட்டியலை மட்டும் காட்டும் டிரை ரன் விருப்பத்தோடு இயக்கி, அது காட்டும் பட்டியலைப் பொறுப்பாளருக்கு அனுப்பி எழுத்து வழி ஒப்புதல் பெற்றபின் உண்மையாக இயக்குங்கள். எல்லாப் பட்டியல்களும் காலியானதை ஒவ்வொரு சேவையிலும் ஒருமுறை சரிபார்த்த பிறகு, கடைசியாகக் கீஸ்டோனில் புராஜெக்டின் பதிவை அழிக்கலாம்.