குள்ள விண்மீன் திரளின் வாயுவில் இரும்பு எவ்வளவு? நீங்களே அளக்கலாம்

சித்திரை மாத முன்னிரவில் நிலாவெளிக் கரையில் நின்று வடக்கே பார்த்தால் பெருங்கரடி மண்டலம் நன்றாகத் தெரியும். அந்தப் பக்கம்தான், சுமார் 5.9 கோடி ஒளியாண்டு தூரத்தில், ஐ ஸ்விக்கி 18 என்ற குள்ள விண்மீன் திரள் இருக்கிறது. வெறுங்கண்ணுக்கு எட்டாது. அதன் ஒளிரும் வாயுவில் உள்ள ஒட்சிசன், சூரியனில் உள்ளதில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான்.

ஆனால் திரளின் வாயுவில் பெரும்பகுதி ஒளிர்வதே இல்லை. அது குளிர்ந்த நடுநிலை ஐதரசன். அதையும் அளக்காமல் இந்தத் திரளின் இரசாயனத்தைத் தெரிந்துகொண்டதாக நான் சொல்லமாட்டேன். உயர்தரப் பௌதிகம் படிப்பவருக்கு இது கைக்கெட்டிய வேலை. ஒரு கணினியும் இணையமும் போதும்.

படி 1: நிறமாலையை எடுங்கள்

ஃபியூஸ் விண்கலம் 1999 முதல் 2007 வரை தூர புறஊதா ஒளியைப் பதிவு செய்தது. அதன் தரவுகள் மாஸ்ட் என்ற இணையத் தரவுக் காப்பகத்தில் இலவசம். திரளின் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள்.

படி 2: கோட்டைக் கண்டுபிடியுங்கள்

திரளின் இளம் விண்மீன்களின் ஒளி, முன்னால் உள்ள வாயுவைக் கடந்து வரும்போது சில அலைநீளங்கள் உறிஞ்சப்படும். இரும்பின் கோடு 1144.94 அங்ஸ்ட்ரொம். திரள் நொடிக்கு சுமார் 750 கிலோமீட்டர் வேகத்தில் விலகுவதால், அதை 1147.8 அருகே தேடவேண்டும். 1144.94இலேயே நிற்கும் கோடு நம் பால்வீதியுடையது, அதை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று: நீங்கள் பார்ப்பது ஓர் இலத்திரனை இழந்த இரும்பு. நடுநிலை வாயுவில் அயன் எப்படி வந்தது? ஐதரசனை அயனாக்க 13.6 இலத்திரன்வோல்ட் வேண்டும், இரும்புக்கு 7.9 போதும். ஐதரசனைத் தொடாத ஒளியே இரும்பை அயனாக்கிவிடும்.

படி 3: அணுக்களை எண்ணுங்கள்

கோட்டின் சம அகலத்தை (கோடு உறிஞ்சிய ஒளியை முற்றும் இருண்ட ஒரு பட்டையாக்கினால் அதன் அகலம், அங்ஸ்ட்ரொமில்) 1.13 × 10²⁰ ஆல் பெருக்குங்கள். அதை அலைவு வலிமையாலும் (அணு அந்த ஒளியை எவ்வளவு வலுவாக உறிஞ்சும் என்று சொல்லும் எண்) அங்ஸ்ட்ரொமில் உள்ள அலைநீளத்தின் வர்க்கத்தாலும் வகுங்கள். இந்தக் கோட்டின் அலைவு வலிமை 0.083. பயிற்சிக்கு அகலம் 0.1 அங்ஸ்ட்ரொம் என்று வையுங்கள்: சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10¹⁴ அணுக்கள் வரும்.

படி 4: நிரம்பல் இருக்கிறதா?

இங்கேதான் நிதானம் வேண்டும். கடுஞ்சாயப் பிளேன்டீயில் மேலும் சாயம் விட்டாலும் நிறம் மாறாது. ஆழமான கோடும் அப்படித்தான், அணுக்கள் கூடினாலும் அகலம் அவ்வளவாகக் கூடாது. 1994இல் இதே திரளின் 1302 அங்ஸ்ட்ரொம் ஒட்சிசன் கோட்டை ஹபிளில் பார்த்தவர்கள், நடுநிலை வாயுவில் ஒட்சிசன் பல மடங்கு குறைவு என்றார்கள். மறு ஆண்டே பெட்டினி, லிப்மன் என்ற வானியலாளர்கள், நிரம்பிய அந்தக் கோட்டிலிருந்து உறுதியான எண் எடுக்க முடியாது என்று காட்டினார்கள்.

சோதிப்பது சுலபம். 1143.23இல் நான்கு மடங்கு வலிமை குறைந்த இன்னொரு இரும்புக் கோடு உண்டு. திரளில் அது 1146.1 அருகே வரும். அதற்கும் அதே கணக்கைப் போடுங்கள். இரண்டும் ஒரே விடை தந்தால் சரி. வலிமையான கோடு குறைவாகக் காட்டினால் அது நிரம்பிவிட்டது. மெல்லிய கோட்டின் விடையை எடுங்கள்.

படி 5: ஐதரசனால் வகுங்கள்

ஐதரசன் அளவை, புறஊதாவில் ஐதரசனே உண்டாக்கும் லைமன் கோடுகளின் இருபுறமும் விரியும் அகன்ற சிறகுகள் தரும். இங்கே அது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 × 10²¹. கிடைத்த விகிதத்தை சூரியனின் 3.2 × 10⁻⁵ உடன் ஒப்பிடுங்கள். இரும்பு தூசியில் ஒட்டிக்கொள்ளும் பழக்கமுள்ளது, ஆகவே உங்கள் விடையைக் கீழ் எல்லை என்றே குறித்துவையுங்கள்.