40 பவுண்டுக்குள் ஒரு புது இண்டி பாட்லர்: வாங்குவதும் ருசிப்பதும்

இண்டிபெண்டன்ட் பாட்லர் விஸ்கி காய்ச்சுவதில்லை. வேறொரு டிஸ்டில்லரி வடித்த சரக்கைப் பீப்பாயோடு வாங்கி, பக்குவம் வந்ததாகத் தனக்குத் தோன்றும்போது பாட்டிலில் அடைத்துத் தன் பெயரில் விற்பவர். ஸ்காட்லாந்தின் எல்ஜின் ஊரில் 1895-ல் தொடங்கிய கார்டன் அண்ட் மக்ஃபெயில் போன்ற பழைய ஆட்களிடம் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த கிடங்கு இருக்கிறது. நேற்றுக் கடை விரித்தவருக்கு அது ஏது? புரோக்கர் நீட்டுகிற பட்டியலில்தான் பொறுக்க வேண்டும். அதில் நல்லதும் இருக்கும், பெரிய கம்பெனிகள் வேண்டாமென்று தள்ளியதும் இருக்கும். ஆகவே புதியவரின் முதல் பாட்டிலைத் திறக்கும்போது நாம் பரீட்சை வைப்பது அவருடைய மூக்குக்குத்தான்.

கிளாஸ்கோவில் இருக்கும் எனக்கு உச்சவரம்பு 40 பவுண்ட். இங்கே மலிவுக்கும் ஒரு தரைமட்டம் உண்டு. ஸ்காட்லாந்தின் குறைந்தபட்ச யூனிட் விலை (ஒரு யூனிட் என்பது 10 மில்லி தூய ஆல்கஹால்) 2024 செப்டம்பர் 30 முதல் 65 பென்ஸ். 70 சென்டிலிட்டர், 46% பாட்டிலில் 32.2 யூனிட், அதாவது 20.93 பவுண்டுக்குக் கீழே யாராலும் விற்க முடியாது. 40 பவுண்ட் பாட்டிலில் ஆல்கஹால் வரி மட்டும் 10 பவுண்டைத் தாண்டும், வாட் வரி இன்னொரு ஆறரை. மிச்சம் இருபத்துச் சொச்சத்தில் பீப்பாய், கண்ணாடி, கார்க், லேபிள், கடைக்காரரின் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்தால் 18 வருடச் சரக்கை எதிர்பார்த்து ஏமாற மாட்டீர்கள். ஐந்திலிருந்து பத்து வயதுக்குள் ஒழுங்கான ஒன்று கிடைத்தால் அதுவே நல்ல வியாபாரம்.

லேபிளில் நான் தேடுவது: எந்த டிஸ்டில்லரி, வடித்த வருடம், அடைத்த வருடம், பீப்பாய் வகை, எத்தனை பாட்டில். வயது போட்டிருந்தால் அது உள்ளே இருப்பதிலேயே இளையதன் வயது. போடவில்லை என்றால், மூன்று வருடம் ஓக் பீப்பாயில் இருந்தது என்பதற்கு மேல் சட்டம் எந்த உத்தரவாதமும் தராது. டிஸ்டில்லரி பெயர் இல்லாததால் மட்டும் ஒதுக்க வேண்டாம். தங்கள் பெயரைப் போட அனுமதிக்காத டிஸ்டில்லரிகள் பல. சிலர் வேறு டிஸ்டில்லரியின் மால்ட் விஸ்கியை (முளைகட்டிய பார்லியில் வடித்தது) ஒரு கரண்டி கலந்தே பீப்பாயை விற்பார்கள். கலந்ததும் அது சட்டப்படி 'பிளெண்டட் மால்ட்' ஆகிவிடும், ஒரே டிஸ்டில்லரியின் மால்ட்டைக் குறிக்கும் 'சிங்கிள் மால்ட்' என்ற பெயரை யாரும் சூட்ட முடியாது. நாக்குக்கு அந்தக் கரண்டி தெரியாது. விலை மட்டும் இறங்கும். எனக்கு இந்த ரகம் ரொம்பப் பிடிக்கும்.

'சிங்கிள் காஸ்க்', அதாவது ஒரே பீப்பாயின் சரக்கு, என்று போட்டிருந்தால் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். அமெரிக்கன் பேரல், அதாவது போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய், சுமார் 200 லிட்டர் பிடிக்கும். வழக்கமாக 63.5 சதவீதத்தில் நிரப்புவார்கள். தூய ஆல்கஹால் 127 லிட்டர். ஒரு சொட்டுகூட ஆவியாகவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், 46 சதவீதத்தில் 394 பாட்டிலுக்கு மேல் வராது. வருடத்துக்குச் சுமார் 2% காற்றோடு போகிறது. பத்து வருடத்தில் 320 பக்கம் வந்து நிற்கும். ஒற்றை போர்பன் பேரல், பத்து வருடம், 46%, 480 பாட்டில் என்று எழுதியிருந்தால் எங்கேயோ இடிக்கிறது. கடைக்காரரிடம் கேளுங்கள். ஹாக்ஸ்ஹெட் என்றால் 250 லிட்டர், பட் என்றால் 500 லிட்டர். அப்போது எண்ணும் மாறும்.

நிறத்தை நம்பாதீர்கள். பிரிட்டனில் கேரமல் சாயம் சேர்த்ததை லேபிளில் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மனியில் சொல்லியாக வேண்டும். சந்தேகம் இருந்தால் அந்த நாட்டு லேபிளைத் தேடிப் பார்ப்பது என் குறுக்குவழி.

இனி ருசிப்பது. தனியாக ஒரு விஸ்கியை வைத்துக்கொண்டு யோசித்தால் ஒன்றும் பிடிபடாது. பக்கத்தில் தெரிந்த ஒன்று வேண்டும். போர்பன் பீப்பாய் மால்ட்டுக்கு நான் வைப்பது டீன்ஸ்டன் 12: 46.3%, குளிர்வடிகட்டல் (பின்னால் கலங்காமல் இருக்கக் குளிரவைத்து வடிகட்டுவது) இல்லை, சாயம் இல்லை. புகை மணக்கும் ரகத்துக்கு ஆர்ட்பெக் 10, அதுவும் 46%. ஒப்பிடும் பாட்டிலின் வீரியம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். 40 சதவீதத்தை 58 சதவீதத்தோடு வைத்தால் 58-தான் ஜெயிக்கும், அது ருசியின் வெற்றி கிடையாது.

மூன்று கிளென்கெயர்ன் கிளாஸ் (விஸ்கி முகர்வதற்கான, வாய் குறுகிய கிளாஸ்), ஒவ்வொன்றிலும் 15 மில்லி. இரண்டில் புதுசு, ஒன்றில் பழசு. அடியில் ஸ்டிக்கர் ஒட்டி எண் போடுங்கள். என் வீட்டில் ஊற்றிக் கொடுப்பது மனைவி. அவருக்கு விஸ்கி வாடையே ஆகாது, அதனால் எந்தப் பக்கமும் சாய மாட்டார். ஒரே விஸ்கி இருக்கும் இரண்டு கிளாஸுக்கு நீங்கள் வேறு வேறு குறிப்பு எழுதினால் அன்றைக்கு மூக்கு சரியில்லை, மூடி வைத்துவிடுங்கள். சமையலறையில் தாளிப்பு வாசம் அடங்கும்வரை தொடங்கவே வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்னால் உட்காருவது உத்தமம்.

ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். வாயைச் சற்றுத் திறந்தபடி முகருங்கள், மூக்கை உள்ளே திணிக்காமல். இளம் சரக்கில் முதலில் வருவது நறுக்கிய பேரிக்காய், ஈரத் தானியம், சில சமயம் நகப்பாலிஷ். பேரிக்காய் இருந்தால் குற்றமில்லை. நகப்பாலிஷ் பத்து நிமிடம் கழித்தும் போகவில்லை என்றால் அது பலமுறை நிரப்பிக் களைத்துப்போன பீப்பாய். ஷெரி ஒயின் இருந்த பீப்பாயில் எரிந்த தீக்குச்சி வாடை வந்தால் அது கந்தகம். எனக்குக் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, சிலருக்கு அறவே ஆகாது. நான் சுத்தமாக மன்னிக்காதது ஈர அட்டைப்பெட்டி வாடை.

குறிப்பு எழுதும்போது ஹெதர் பூத் தேன், டண்டீ பழ கேக் என்று அடுத்தவர் வார்த்தையைக் கடன் வாங்காதீர்கள். ஹெதர் தேனை நக்கிப் பார்க்காதவர் அதை எழுதி என்ன பயன்? புகை மணக்கும் கல் ஈலா டிஸ்டில்லரியின் இளம் பாட்டில் ஒன்றுக்கு 'டெட்டால், கருகிய எலுமிச்சைத் தோல்' என்று எழுதியிருக்கிறேன். திரும்பப் படித்தாலே வாயில் அது வந்துவிடுகிறது.

முதல் மிடறு நாக்கைப் பழக்குவதற்கு, அதை எண்ணாதீர்கள். இரண்டாவதை வாயில் ஐந்தாறு வினாடி உருட்டி விழுங்குங்கள். மலிவு பாட்டில்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இதற்குப் பிறகுதான்: மணம் அமர்க்களமாக இருக்கும், விழுங்கியதும் நடு நாக்கில் ஒன்றுமே நிற்காது. கடைசி சில மாதம் மட்டும் ஷெரி பீப்பாயில் போட்டு எடுத்த சரக்கில் இது அடிக்கடி நடக்கும். மேலே திராட்சை, கீழே பச்சைத் தானியம், இரண்டும் ஒட்டாது.

தண்ணீர் கண்டிப்பாக விட்டுப் பாருங்கள். 58 சதவீதச் சரக்கு 20 மில்லியில் ஒரு டீஸ்பூன் விட்டால் ஏறக்குறைய 46-க்கு வந்துவிடும். நல்ல பீப்பாய் தண்ணீரில் விரியும், சுமாரானது கசந்துபோகும். குளிர்வடிகட்டல் இல்லை என்று லேபிள் சொன்னால், கொஞ்சத்தை எடுத்து அதே அளவு ஐஸ் தண்ணீர் கலந்து ஃபிரிட்ஜில் வையுங்கள். பெரும்பாலும் லேசாகக் கலங்கும். கலங்கினால் சந்தோஷம், வாய்க்கு அந்த எண்ணெய்ப் பிசுக்கைத் தருவது அதுதான்.

முதல் நாள் தீர்ப்பு எழுதாதீர்கள். திறந்த பாட்டில் இரண்டு வாரத்தில் குணம் மாறும், அநேகமாக நல்லதற்கே. தோள்பட்டை அளவுக்கு இறங்கியபின் அதே மூன்று கிளாஸ் சோதனையை மறுபடி செய்யுங்கள். அன்று வண்டியை எடுக்க வேண்டாம்; 2014 டிசம்பரிலிருந்து ஸ்காட்லாந்தின் வரம்பு இங்கிலாந்தைவிடக் கடுமை, 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம்.

முழு பாட்டில் வாங்கத் தயக்கமா? நான்கு பேர் சேர்ந்து ஆளுக்குப் பத்து பவுண்ட் போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். புது பாட்லரின் முதல் வெளியீட்டில் மூன்று நான்கு பாட்டில் ஒன்றாக வரும். அதில் கிரெயின் விஸ்கியை (கோதுமை, மக்காச்சோளம் போன்ற தானியத்தில் வடித்தது) விட்டுவிட்டு, புகை ஒன்று, போர்பன் பீப்பாய் ஒன்று எடுங்கள். புகை மால்ட் ஐந்து வயதிலும் தாக்குப்பிடிக்கும், யார் பொறுக்கினாலும் பெரிதாகச் சொதப்பாது. சாயமும் ஷெரியும் இல்லாத அந்த வெளிறிய போர்பன் பாட்டில் தேறினால் அவருடைய அடுத்த வெளியீட்டுக்கும் பணம் எடுத்து வைக்கலாம்.