ஜெனரேட்டரில் எலெக்ட்ரிக் காரை சார்ஜ் செய்ய

ஜெனரேட்டர் ஓடுகிறது, கேபிளும் செருகியாயிற்று. சார்ஜரில் மட்டும் சிவப்பு விளக்கு. பெரும்பாலும் எர்த்தான் காரணம். சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் (மின்சாரம் திரும்பும் கம்பி) எர்த்தோடு இணைந்திருக்காது. எர்த் தெரியாவிட்டால் சார்ஜர் காருக்கு மின்சாரம் விடாது. நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கும் பிளக்கை இன்னொரு சாக்கெட்டில் செருகினால் சரியாகும். ஆனால் சில ஜெனரேட்டர்களில் இரண்டு முனையுமே லைவ். அங்கே போட்டால் ஷார்ட்தான். அதனால் எலெக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே போடுங்கள். வீட்டு வயரிங்கோடு இணைத்த ஜெனரேட்டரில் வேண்டவே வேண்டாம்.

இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டரே நல்லது. அது தரும் மின்சாரத்தின் அலைவடிவம் சீராக இருக்கும். சார்ஜர் 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் எடுத்தால் 2.3 கிலோவாட், அதுவும் மணிக்கணக்கில். எனவே தொடர்ச்சியாக 3 கிலோவாட் தரக்கூடியது வேண்டும். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் உச்ச அளவை நம்பாதீர்கள். முதலில் காரில் சார்ஜ் அளவை 6 ஆம்பியரில் வைத்து, பத்து நிமிடம் நிலையாக ஓடினால் கூட்டுங்கள்.

எக்ஸ்டென்ஷன் ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். சுருளாக விட்டால் சூடேறி உருகும். முழுக்கப் பிரித்துப் போடுங்கள்.

ஜெனரேட்டரைத் திறந்தவெளியில், ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வையுங்கள். கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும் போதாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். பெட்ரோல் ஊற்றும் முன் சார்ஜை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஆறவிடுங்கள்.