கிளாமிடோமோனாஸ் கலப்பில் சறுக்கும் இடங்கள்

செட்டிநாட்டு ஊருணிகள் பலவற்றில் வெயில் காலத்தில் தண்ணீர் பச்சை கட்டும். அதில் ஒரு குப்பி மொண்டு வந்து கலப்புச் சோதனையில் இறங்குவது வீண்வேலை. அந்தப் பச்சையில் பலவகைப் பாசி இருக்கும். மரபியலுக்கு வேண்டியது இணைவு வகை (எது எதோடு கூடும் என்பது) தெரிந்த கிளாமிடோமோனாஸ் ரெய்ன்ஹார்ட்டி என்ற ஒற்றைச்செல் பச்சைப்பாசி, பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று. ஒரே காலனியிலிருந்து இரண்டு குழாய் எடுத்தாலும் பயனில்லை. ஒரு செல்லின் பிள்ளைகள் எல்லாம் ஒரே வகைதான்.

இரு வகையும் உருவில் ஒன்றுபோலவே இருக்கும். பிளஸைப் பெண் என்றும் மைனஸை ஆண் என்றும் எழுதுவது வசதிக்காக மட்டும். வகையைத் தீர்மானிப்பது 6-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு பகுதி. மைனஸில் மட்டும் இருக்கும் மிட் என்ற மரபணு பிளஸ் குணத்தை அடக்கிவிடும். அதனால்தான், கூடியபின் குரோமோசோம்களைப் பாதியாக்கும் குன்றல் பகுப்புக்குப் போகாமல், இரு தொகுதி குரோமோசோமோடு இரட்டைமடியமாகவே பெருகும் சில செல்கள் மைனஸ்போல நடந்துகொள்கின்றன. சந்ததியில் மைனஸ் கூடித் தெரிந்தால் முதலில் இவற்றைச் சந்தேகியுங்கள்.

செழிப்பான ஊடகத்தில் செல்கள் கூடவே கூடா. நைட்ரஜன் தீர்ந்தால்தான் கேமீட், அதாவது கூடத் தயாரான இனச்செல், ஆகும். டேப் (டிரிஸ்-அசிட்டேட்-பாஸ்பேட்) ஊடகத்தில் நைட்ரஜன் தரும் அமோனியம் குளோரைடை விட்டுவிட்டுத் தயாரித்து, செல்களை அதில் கழுவி, 25 டிகிரியில் விளக்கொளியில் சில மணி நேரம் வையுங்கள். கழுவாமல் போட்டால் ஒட்டியிருக்கும் அமோனியமே கெடுத்துவிடும். ஒளிதானே என்று முற்றத்து உச்சி வெயிலில் வைக்க வேண்டாம், குடுவை சூடேறிச் செல்கள் நலிந்துவிடும். இரண்டையும் சம அளவில் கலந்தபின் குலுக்கவும் கூடாது. கசையிழைகள் ஒட்டிக்கொள்ளும் வேளையில் குலுக்கினால் பிரிந்துவிடும். சில நிமிடங்களில் கொத்துக் கொத்தாகச் சேர்வது நுண்ணோக்கியில் தெரியும்.

இரு செல்கள் கூடி ஒன்றான சைகோட்டுகளை அகாரில் ஒரு நாள் ஒளியிலும், பிறகு ஐந்து நாள் இருட்டிலும் வையுங்கள். இருட்டை அவசரத்தில் குறைத்தால் முளைப்பு சீராக இராது. கூடாத செல்களைச் சுரண்டி எடுத்து, மிஞ்சியவற்றை 30 விநாடி குளோரோஃபார்ம் ஆவியில் கொன்றுவிடலாம். தடித்த சுவருள்ள சைகோட் தாங்கும்.

இனிக் கணக்கு. வளரும் செல் ஒற்றைமடியம் (குரோமோசோம் ஒரு தொகுதிதான்), ஒடுங்கு பண்பு என்று ஒன்று ஒளிந்துகொள்ள இடமே இல்லை. பட்டாணியின் 3:1-ஐ இங்கே தேடாதீர்கள். ஒரு சைகோட் குன்றல் பகுப்படைந்து தரும் நான்கு பிள்ளைகளில் 2:2 வரும். பசுங்கணிக மரபணு விதிவிலக்கு: பிளஸ் பெற்றோரின் குணமே பெரும்பாலும் நான்கிலும் இறங்கும். ஸ்ட்ரெப்டோமைசின் எதிர்ப்பைக் கொண்டு மரபியலாளர் ரூத் சேகர் 1954-இல் காட்டியது இதைத்தான். மைட்டோகாண்ட்ரியாவும் விதிவிலக்குத்தான், ஆனால் நேர்மாறு, மைனஸிடமிருந்து வரும். 4:0 கண்டதும் தட்டைத் தூக்கி எறியாமல், பெற்றோரின் வகையை மாற்றிக் கலந்து பாருங்கள். 0:4 வந்தால், குணம் பிளஸைத் தொடர்ந்து வருகிறதா என்று பாருங்கள்: ஆம் என்றால் மரபணு இருப்பது பசுங்கணிகத்தில், மைனஸைத் தொடர்ந்தால் மைட்டோகாண்ட்ரியாவில்.